மோதிரத்தில் என்ன பொறிப்பது?

(சபையின் ஆண்டு நிறைவு ஆராதனையின் பின் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)



எனக்குத் தந்திருக்கிற நேரம் இருபது நிமிடம். பின்னால் சமையல் அறையிலிருந்து வாசம் வரத் தொடங்கிவிட்டது. ஆகவே இருபத்தோராவது நிமிடத்தில் ஒருவரும் என்னைக் கேட்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிறு பாடசாலையை முடிக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு ஒரு நினைவுப் பொருள் கொடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, நமது வாலிபர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். ஆதிக் கிறிஸ்தவர்கள் போட்டிருந்த மோதிரங்களைப் பார்த்து, அதே மாதிரியில் ஒரு பிரதி செய்து கொடுக்கலாம் என்றார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கூட்டம் முடிவதற்குள் சபை மூன்றாகப் பிரிந்துவிட்டது. பெந்தெகோஸ்தே பின்னணியில் இருந்து வந்த குடும்பங்கள், "நாங்கள் நகையே போடுவதில்லை, பிள்ளைக்குச் சபையே மோதிரம் போட்டு விடுவதா?" என்று கேட்டார்கள். இன்னொரு பக்கம் சில தாய்மார், "கொடுத்தால் தங்கத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். கவரிங் கொடுத்தால் சனம் என்ன சொல்லும்?" என்றார்கள். பிள்ளைகளோ அதற்குள் போனில் நாலைந்து மோதிரத்தைத் தெரிந்தெடுத்து விட்டார்கள். லாச்சப்பலில் நகைக்கடையில் பல வருடம் நின்றவன் என்ற ஒரே காரணத்துக்காக, இதைப் பற்றி விளக்கமாகப் பேசும்படி என்னைக் கேட்டார்கள்.

பிள்ளைகளே, முதலில் உங்களுக்கு ஒரு கேள்வி. அந்தக் காலத்தில் மோதிரம் எதற்கு? அழகுக்கு என்று சொல்லுவீர்கள். அழகுக்கும்தான். ஆனால் அதைவிட முக்கியமான வேலை ஒன்று அதற்கு இருந்தது. கடிதம் எழுதினால் மடித்துக் கட்டி, கட்டின இடத்தில் மெழுகோ களிமண்ணோ வைத்து, மோதிரத்தை அதில் அழுத்துவார்கள். மோதிரத்தில் குழியாக வெட்டியிருக்கிற படம் மெழுகில் மேடாக விழும். அதுதான் கையெழுத்து. எண்ணெய்ச் சாடி, பெட்டகம், கதவு எல்லாவற்றுக்கும் இப்படித்தான் முத்திரை. இன்றைக்கு உங்கள் அப்பாவின் வங்கி அட்டைக்கு நாலு இலக்கம் இருக்கிறதே, அந்த வேலையை அன்று விரலில் கிடந்த மோதிரம் செய்தது.

வேதத்திலும் பாருங்கள். பார்வோன் தன் கையில் இருந்த மோதிரத்தைக் கழற்றி யோசேப்பின் கையில் போட்டது அலங்காரத்துக்காக அல்ல. என் பெயரில் நீ கையொப்பம் வைக்கலாம் என்பதே அதன் பொருள். இளைய குமாரன் திரும்பி வந்தபோது தகப்பன் அவன் கைக்கு மோதிரம் போடச் சொன்னதும் அப்படித்தான். சொத்தை அழித்துவிட்டு வந்தவனிடம் வீட்டுச் சாவியைத் திரும்பக் கொடுக்கிற தகப்பன் அவர். மற்றப் பக்கமும் இருக்கிறது. யேசபேல் ராணி ஆகாபின் பெயரால் கடிதம் எழுதி, அவனுடைய முத்திரையைப் போட்டு அனுப்பினாள். நாபோத் என்கிற மனிதன் அதனால் செத்தான், அவனுடைய திராட்சத் தோட்டமும் போயிற்று. அந்தக் காலத்தில் இன்னொருவருடைய மோதிரத்துக்குப் பிரதி செய்வது விளையாட்டுக் காரியம் அல்ல, பெரிய மோசடி. இன்று நாங்கள் பிரதி மோதிரம் என்று சாதாரணமாகப் பேசுகிறோம்.

இனி ஆதிக் கிறிஸ்தவர்களிடம் வருவோம். எகிப்தில் அலெக்சாந்திரியா என்ற பட்டணத்தில் கி.பி. 200 அளவில் கிளெமெந்து என்று ஒரு ஆசிரியர் இருந்தார். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் எப்படிச் சாப்பிடுவது, எப்படி உடுப்பது, எப்படிச் சிரிப்பது என்றுகூட எழுதி வைத்த மனிதர். நகை விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர். நமது பெந்தெகோஸ்தே சகோதரர்கள் அவரை வாசித்தால் சந்தோஷப்படுவார்கள். காதுக்குத் துளை போடுவதையே அவர் விரும்பவில்லை. அப்படிப்பட்டவரே ஒரு மோதிரத்தை மட்டும் அனுமதித்தார். வீட்டுப் பொருட்களுக்கு முத்திரை வைக்க அது வேண்டும், ஆகவே போடலாம், ஆனால் அலங்காரத்துக்காக அல்ல என்றார். ஆண்கள் அதைச் சின்ன விரலின் அடியில் போட வேண்டும் என்றுகூடச் சொன்னார்.

சரி, முத்திரை என்றால் ஒரு படம் வேண்டுமே. கடைக்குப் போனால் அங்கே வீனஸ் தேவதையும் மற்றத் தேவர்களும்தான் வெட்டி வைத்திருக்கிறார்கள். கிறிஸ்தவன் எதை வாங்குவது? கிளெமெந்து ஒரு பட்டியல் கொடுத்தார். புறா, மீன், காற்றில் பாய் விரித்து ஓடுகிற கப்பல், யாழ், நங்கூரம். மீன் பிடிக்கிறவனுடைய படம் என்றால், அது அப்போஸ்தலனையும் தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்ட பிள்ளைகளையும் நினைப்பூட்டும் என்றார். விக்கிரகங்களின் முகம் வேண்டாம். சமாதானத்தைத் தேடுகிறவர்களுக்கு வாளும் வில்லும் வேண்டாம். தெளிந்த புத்தியுள்ளவர்களுக்கு மதுக்கிண்ணம் வேண்டாம். யுத்தத்தைக் கண்டு வந்த நாங்கள் அந்த வாள், வில் என்ற இடத்தில் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டியலில் சிலுவை இல்லை. புறாவும் கப்பலும் நங்கூரமும் எல்லாருடைய கடையிலும் கிடந்த சாதாரணப் படங்கள். பக்கத்து வீட்டுக்காரனும் அதே கப்பலைப் போட்டிருப்பான். கிறிஸ்தவன் அதே கடையில், அதே விலைக்கு, அதே படத்தை வாங்கினான். போட்டவனுடைய மனதில்தான் அர்த்தம் வேறாக இருந்தது. மீன் என்பதற்கு கிரேக்கத்தில் ஐந்து எழுத்து. இயேசு, கிறிஸ்து, தேவனுடைய, குமாரன், இரட்சகர் என்ற ஐந்து கிரேக்கச் சொற்களின் முதல் எழுத்துக்களைச் சேர்த்தால் அதே சொல் வரும். தெரிந்தவனுக்குத் தெரியும், தெரியாதவனுக்கு அது வெறும் மீன்.

எழுத்தில் மட்டுமல்ல, பொருளாகவும் கிடைத்திருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற செசரியா துறைமுகத்துக்கு அருகே, கடலுக்கு அடியில், ரோமர் காலத்தில் மூழ்கிய ஒரு கப்பலின் சிதைவுகளோடு எட்டுப்பட்டையான ஒரு தங்க மோதிரத்தைக் கண்டெடுத்தார்கள். 2021இல் இஸ்ரேல் தொல்பொருள் திணைக்களம் அதை அறிவித்தது. நடுவில் பச்சைக் கல். கல்லில் சின்ன அங்கி உடுத்த ஒரு மேய்ப்பன், தோளில் ஆடு. மோதிரம் சின்னது, ஒரு பெண்பிள்ளையின் விரலுக்குத்தான் அளவாக இருக்கும். அதே இடத்தில் யாழ் வெட்டின ஒரு சிவப்புக் கல்லும் கிடைத்தது. கிளெமெந்தின் பட்டியலில் யாழ் இருந்ததை மறந்துவிடாதீர்கள்.

பெரியவர்கள் கேட்பீர்கள்: எல்லாம் தங்கம்தானே, கவரிங் எங்கே? தங்கம் செய்தியில் வரும், பித்தளைக்கு ஒருவரும் செய்தி எழுதுவதில்லை. நூதனசாலைப் பெட்டிகளைப் பார்த்தால் அந்தக் காலத்து மோதிரங்களில் வெண்கலம் நிறைய இருக்கும். கல்லும் பல மோதிரங்களில் உண்மையான கல் அல்ல. நல்ல கல்லில் வெட்டின படத்தை அச்சில் எடுத்து, உருக்கின வர்ணக் கண்ணாடியை அதில் ஊற்றி, கல் போலவே செய்து பதித்தார்கள். ரோமர்களுடைய கவரிங் அது. காசில்லாத விசுவாசியின் மோதிரம் அப்படித்தான் இருந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே செய்த வேலையை லாச்சப்பலில் வெட்கப்பட்டு விற்கத் தேவையில்லை.

பிள்ளைகள் சிரிப்பதற்கு ஒன்று சொல்லுகிறேன். இங்கிலாந்தில் சில்செஸ்டர் என்ற இடத்தில் 1785இல் வயலில் ஒரு பெரிய தங்க மோதிரம் கிடைத்தது. செனிசியானுஸ் என்ற மனிதனுக்கு, தேவனுக்குள் வாழ்வாயாக என்று லத்தீனில் வாழ்த்து வெட்டியிருக்கிறது. வெட்டின ஆள் நடுவில் ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டான். சுற்றி வந்தபோது கடைசி எழுத்துக்கு இடம் இல்லை! தேவன் என்ற சொல்லே முழுமையாக விழவில்லை. தங்கத்தில் செய்ததால் ஒருவரும் திருத்தவும் இல்லை. தமிழ் எழுத்துப் பிழைக்கு ஆசிரியையிடம் பேச்சு வாங்குகிற பிள்ளைகள் இதை நினைத்து ஆறுதல் அடையலாம்.

பிரதி எதற்கு என்ற கேள்விக்கு இந்தப் பரிஸ் நகரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. பிரான்சின் முதல் கிறிஸ்தவ அரசன் குளோவிஸ் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவனுடைய தகப்பன் சில்தெரிக். தகப்பன் கிறிஸ்தவன் அல்ல. அவனுடைய கல்லறையை 1653இல், இப்போது பெல்ஜியத்தில் இருக்கிற தூர்னே நகரில், காது கேளாத, வாய் பேசாத ஒரு மேசன் தோண்டும்போது கண்டுபிடித்தார். உள்ளே தங்க நாணயங்கள், சிவப்புக் கல் பதித்த முந்நூறு தங்கத் தேனீக்கள், அவற்றோடு அரசனுடைய முத்திரை மோதிரம். நீண்ட தலைமயிர் விட்டு ஈட்டி பிடித்த அரசனுடைய உருவமும் அவனுடைய பெயரும் அதில் வெட்டியிருந்தது. அது கைமாறி கைமாறி பதினாலாம் லூயியிடம் வந்து, பிறகு பரிஸ் அரச நூலகத்தில் இருந்தது. 1831ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு இரவு கள்ளர் புகுந்து அள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்சம் சேன் நதியிலிருந்து மீட்கப்பட்டது. பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது, மோதிரமும் போய்விட்டது. முந்நூறு தேனீயில் மிஞ்சியது இரண்டு.

ஆனால் களவு போவதற்கு முன்பே யாரோ அந்த மோதிரத்தை அழுத்திப் பதிவு எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பதிவுகளைக் கொண்டுதான் இன்று பிரதி செய்து வைத்திருக்கிறார்கள். சில்தெரிக்கின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்தப் பிரதியைத்தான் பார்க்க வேண்டும். தங்கம் தன் விலையாலேயே உருகிப் போனது. விலையில்லாத மெழுகும் சாந்தும் நின்று பிடித்தன.

இனி நமது வீட்டுக்குக் கிட்ட வருகிறேன். ஸ்தேனுக்குப் பக்கத்து ஊர் சென் தெனி. அங்கே சந்தைக்குப் போகாத ஆள் இந்த மண்டபத்தில் இல்லை. சந்தைக்குப் பக்கத்தில் நிற்கிற அந்தப் பெரிய பசிலிக்காவின் நிலத்துக்குக் கீழே, 1959இல் மிஷேல் ஃப்ளரி என்கிற ஆய்வாளர் ஒரு கல் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பெண். உடம்பில் பட்டு, மார்பில் சிவப்புக் கல் பதித்த பெரிய ஊசிகள், இடது கைப் பெருவிரலில் தங்க மோதிரம். அந்த மோதிரத்தில் அர்னெகுந்திஸ் என்ற பெயரும், நடுவில் ராணி என்பதைக் குறிக்கிற கூட்டெழுத்தும் இருந்தன. குளோவிசின் மகன் குளோத்தேருடைய மனைவி, சில்பெரிக் அரசனின் தாய், அரெகோந்த் ராணி. கி.பி. 580 அளவில் இறந்தவர். மோதிரத்தில் பெயர் இல்லாவிட்டால் அவரும் பெயர் தெரியாத ஒரு எலும்புக்கூடுதான். எலும்புகளைப் பிறகு திரும்பவும் சோதித்தவர்கள், ராணி அறுபது வயது வரை வாழ்ந்தவர் என்றும், சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து காலை இழுத்து நடந்திருப்பார் என்றும் சொல்லுகிறார்கள்.

அந்தச் சிவப்புக் கல்லைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அது கார்னெட். நவமணியில் வருகிற கோமேதகமும் அதே குடும்பத்துக் கல்தான், நிறம் வேறு. லூவ்ர் அரண்மனைக்குக் கீழே பிரான்ஸ் நூதனசாலைகளின் ஆய்வுகூடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு துகள் முடுக்கி இயந்திரம் உண்டு. கல்லை உடைக்காமல், சுரண்டாமல், அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று அது அளந்து காட்டும். சென் தெனிக் கல்லறைகளில் எடுத்த நகைகளையும் அந்தக் காலத்து வேறு நகைகளையும் அங்கே சோதித்தார்கள். பெரும்பாலான கற்கள் இந்தியாவிலிருந்து வந்தவை. இன்னும் ஒரு வகைக் கல் இலங்கையிலிருந்து வந்தது. பிறகுதான், ஆறாம் நூற்றாண்டு முடிகிற காலத்திலிருந்து, பொஹீமியா நாட்டுச் சின்னக் கற்கள் அதிகமாக வருகின்றன.

யோசித்துப் பாருங்கள். நமது ஆட்கள் சென் தெனிக்கு வந்து நாற்பது வருடம் என்று நினைக்கிறோம். நமது ஊர்க் கல் வந்து ஆயிரத்து நானூறு வருடம் தாண்டிவிட்டது! விசாவும் கேட்கவில்லை.

அதே நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற ஒரு கிறிஸ்தவ வியாபாரி எழுதி வைத்திருக்கிறார். இலங்கை அந்தக் கடல்களின் நடுச்சந்தை என்றும், அங்கே பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு சபையும் ஒரு மூப்பரும் இருந்தார்கள் என்றும் சொல்லுகிறார். கபேர் என்ற துறைமுகத்திலிருந்து ஒருவகைச் சிவப்புக் கல் ஏற்றுமதியாகிறது என்றும் எழுதுகிறார். அது காவிரிப்பூம்பட்டினம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். 1912இல் அனுராதபுரத்தில் கல்லில் வெட்டின ஒரு சிலுவை தோண்டி எடுக்கப்பட்டது. அது கொஸ்மாஸ் சொன்ன சபையின் வழியாக வந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு மோதிரம் உதவும் என்றால், அந்த மோதிரம் எத்தனை பவுண் என்பது எனக்குப் பெரிய கேள்வி அல்ல.

இனிச் செய்கிற விதம். பழைய மோதிரத்தின் படத்தைப் பார்த்து மெழுகில் ஒன்று செய்வார்கள். மெழுகைச் சாந்துக்குள் வைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்துக்குள் வெள்ளியையோ வெண்கலத்தையோ ஊற்றுவார்கள். ஊரில் பத்தர்மாரும் இப்படி வார்க்கிறவர்கள்தான். பிறகு அரம் போட்டு மெருகு. நூதனசாலைகளுக்கு அச்செடுத்துச் சிலைகளுக்குப் பிரதி செய்கிற அரச பட்டறை ஒன்று சென் தெனியிலேயே இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தொடங்கிய பட்டறை அது. பிரதி செய்வதை இந்த நாடு கேவலமாக நினைக்கவில்லை. பிரதியைப் பிரதி என்று சொல்லி விற்கிறது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் போனில் காட்டினவற்றைப் பார்த்தேன். ஒன்று பேதுருவின் மோதிரம் என்று போட்டிருக்கிறது. அப்போஸ்தலர் ஒருவருடைய மோதிரமும் எந்த நூதனசாலையிலும் இல்லை. ஆகவே அது எதற்கும் பிரதி அல்ல. இன்னொன்று பிலாத்துவின் மோதிரம். அப்படி ஒன்று உண்மையாகவே ஏரோதின் கோட்டையில் எடுக்கப்பட்டது. பிலாத்து என்ற பெயர் உள்ள மெல்லிய செம்புக் கலப்பு மோதிரம் அது. ஆனால் அது ஆளுநரின் கையில் கிடந்ததைவிட, அவருக்குக் கீழ் வேலை செய்தவர் ஒருவர் வைத்திருந்ததாகவே இருக்கலாம் என்று அதை வாசித்தவர்களே எழுதினார்கள். விற்பவர் அதைச் சொல்லமாட்டார். வேறொன்றும் கவனியுங்கள். மலிவு மோதிரத்தில் செம்பு கூடினால் விரல் பச்சையாகும், அது கழுவப் போய்விடும். நிக்கல் இருந்தால் சிலருக்குத் தோல் கடித்துப் புண்ணாகும். நிக்கலுக்கு ஐரோப்பியச் சட்டம் எல்லை போட்டிருக்கிறது, இணையத்தில் தூரத்திலிருந்து வருகிற பொதிகள் அதைப் பார்த்து வருவதில்லை. வெள்ளி என்று சொன்னால் மினேர்வாவின் தலை முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். தங்கத்துக்குக் கழுகின் தலை. முலாம் பூசினது என்றால், பூசினது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. கடையில் நின்றபோது நான் அதிகம் பார்த்தது சந்தோஷமாக நகை வாங்கியவர்களை அல்ல. கலியாண வீட்டுக்குப் போட நகை இல்லை என்று சீட்டுக் காசை முன்கூட்டியே எடுத்து வந்தவர்களைத்தான். அதே நகையை ஆறு மாதத்தில் திரும்பக் கொண்டுவந்தவர்களும் உண்டு. தாலியில் புறாவையும் வேதப்புத்தகத்தையும் பொறிக்கச் சொல்லிக் கேட்பார்கள். கிளெமெந்தின் புறா இன்னும் நமது தாலியில் இருக்கிறது, எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் கொடி எத்தனை பவுண் என்ற பேச்சில் அந்தப் புறாவை ஒருவரும் பார்ப்பதில்லை. கவரிங் போட்டு ஆலயத்துக்கு வந்த பிள்ளையைப் பார்த்து நமது பெண்பிள்ளைகளே சிரித்ததை நான் இந்த மண்டபத்தில் கண்டிருக்கிறேன். அதனால்தான் சபை கொடுக்கிற மோதிரம் வெண்கலமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லுகிறேன். வெள்ளிகூட வேண்டாம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே உலோகம்.

நகை போடாத குடும்பங்களின் மனச்சாட்சியை நாங்கள் தாண்டக் கூடாது. அவர்கள் சொல்லுவதற்கு வேத ஆதாரம் இருக்கிறது, கிளெமெந்தும் பாதிக்கு மேல் அவர்கள் பக்கம்தான். ஆகவே மூப்பர்களிடம் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வளையம் இல்லாமல், அதே முத்திரையை ஒரு சின்ன மரக் கைப்பிடியில் பொருத்திக் கொடுக்கலாம். கடிதத்தில் அழுத்தலாம், வேதாகமத்தின் முதல் பக்கத்தில் மை வைத்துக் குத்தலாம். மற்றப் பிள்ளைகளுக்கும் ஒரு துண்டு மெழுகு சேர்த்துக் கொடுப்போம். மூப்பர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் பேசுவார்கள், நீங்களும் வந்து உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென் ஜெர்மான் ஆன் லேக்குப் போகிறோம். அரெகோந்த் ராணியின் நகைகள் அங்கே தேசிய தொல்பொருள் நூதனசாலையில் இருக்கின்றன. எர்.எ.எர். 'அ' ரயிலின் கடைசி நிலையம், ஏறி வெளியே வந்தால் முன்னால் நிற்கிற கோட்டைதான் நூதனசாலை. 18 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள்.

அதற்கு முன் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது பிள்ளைகளே. புறா, மீன், கப்பல், யாழ், நங்கூரம், மேய்ப்பன். இதில் உங்களுக்குப் பிடித்த ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஒரு இரண்டு ஈரோ நாணயத்தின் அளவுக்குள் வரைந்து ஞாயிறு பாடசாலை ஆசிரியையிடம் கொடுங்கள். பெயரின் முதல் எழுத்தைச் சேர்க்க விரும்பினால் சேர்க்கலாம். ஆனால் முத்திரை மறுபக்கமாகத்தான் விழும், ஆகவே எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பி எழுத வேண்டும். 'ஞ' என்று தொடங்குகிற பெயர்க்காரர் இரண்டு தாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.